கடைசிச் சொல் யாருக்கு?

2024 செப்டம்பர் 23. எர்ணாகுளம் டவுன் ஹால். கேரள மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர், முன்னாள் எம்.பி. எம்.எம். லாரன்ஸின் உடல் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்தது. வயது 95. கட்சித் தோழர்களின் முழக்கம் ஒரு பக்கம். உடலை எடுத்துச் செல்ல விடாமல் மறித்து நின்ற அவருடைய மகள் இன்னொரு பக்கம். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானம் செய்வதாகக் கட்சியும் மகனும் அறிவித்திருந்தார்கள். அப்பா அப்படிச் சொன்னதே இல்லை, தேவாலயக் கல்லறையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்பது மகளின் வாதம். தள்ளுமுள்ளுக்கு நடுவேதான் அந்த உடல் ஹாலை விட்டு வெளியேறியது.

விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை உடல் மருத்துவக் கல்லூரிப் பிணவறையில் காத்திருந்தது. இரண்டு உறவினர் முன்னிலையில் அப்பா தன்னிடம் வாய்மொழியாகச் சொன்னார் என்றார் மகன். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், தேவாலயத்தில் திருமணம் எல்லாம் நடக்க அனுமதித்தவர் கல்லறையை மட்டும் வேண்டாம் என்றிருப்பாரா என்று கேட்டார் மகள். அக்டோபரில் தனி நீதிபதி, டிசம்பரில் இரண்டு நீதிபதிகள், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் என எல்லாமே மகள் தரப்பு மனுவைத் தள்ளுபடி செய்தன. ஏறக்குறைய நான்கு மாதம். பெற்ற பிள்ளைகள் எதிரெதிரே வக்கீல் வைத்துக்கொண்டு, அப்பா என்ன சொன்னார் என்று வாதாட வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க மேடையில் பேசியவர் இந்த ஒரு விஷயத்தை நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

லாரன்ஸ் பெரிய தலைவர் என்பதால் செய்தி வந்தது. சாதாரணக் குடும்பங்களில் இதே சண்டை கூடத்தின் ஓரத்தில், தாழ்ந்த குரலில், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜெயிப்பவர் பெரும்பாலும் குரல் பெரிதாக உள்ள சித்தப்பாவாக இருப்பார்.

இந்தியச் சாவுகளுக்கு நேரம் கிடையாது என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. மூச்சு நின்ற பத்தாவது நிமிஷம் யாராவது ஒரு பெரியவர், "அழுதது போதும், ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்பார். அந்தச் சொல்லோடு ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டிக்கு ஒருவர், புரோகிதருக்கு ஒருவர், மயானத்தில் பதிய ஒருவர், வெளியூர்க்காரர்களுக்குப் போன் செய்ய ஒருவர் எனப் பறப்பார்கள். விறகுச் சிதை என்றால் 400, 500 கிலோ கட்டை. மின் மயானம் என்றால் வரிசை எண். முஸ்லிம் குடும்பம் என்றால் குளிப்பாட்டி, கஃபன் சுற்றி, ஜனாஸா தொழுகை முடிந்து முடிந்தவரை அன்றைக்கே அடக்கம். எல்லாமே பாட்டன் காலத்திலிருந்து தயாராக இருக்கும் ஏற்பாடுகள். இதில் பெரிய ஆறுதலும் இருக்கிறது. மூளை ஸ்தம்பித்துப்போன அந்த நேரத்தில் வழக்கம் கையைப் பிடித்து நடத்திச் செல்லும். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் படுத்திருப்பது யார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கும், கடைசிவரை சாமி கும்பிடாத ரயில்வே யூனியன்காரருக்கும், எட்டு வயதிலிருந்து வீணை வாசித்த பாட்டிக்கும் அதே மந்திரம், அதே மாலை, அதே வேகம்.

இப்போது கொல்கத்தா, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்கென்றே நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. வண்டி, பூ, புரோகிதர், அஸ்தி கரைப்பு, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு நேரடி வீடியோ என விலைப்பட்டியலோடு. பெற்றோர் இங்கேயும் பிள்ளைகள் கலிஃபோர்னியாவிலுமாக உள்ள வீடுகளுக்கு இது நிஜமாகவே உபகாரம்தான். ஆனால் பணம் கொடுத்தால் மாலையின் நிறத்தைத்தான் மாற்ற முடியும். படுத்திருப்பவர் என்ன விரும்பினார் என்பதை எந்த பேக்கேஜும் சொல்லாது.

உயிலில் எழுதி வைத்தால் போதும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். போதாது. சட்டத்தின் கண்ணில் உயில் என்பது சொத்து பற்றிய சாசனம். இறந்தவரின் உடல் யாருடைய சொத்தும் அல்ல. அதைவிடப் பெரிய வேடிக்கை, நம் வீடுகளில் உயிலைப் பிரிப்பதே பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான். "எனக்குச் சடங்கு எதுவும் வேண்டாம்" என்ற வரியைப் பிள்ளைகள் படிக்கும்போது எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைத்து, புரோகிதருக்குத் தட்சிணையும் கொடுத்து முடிந்திருக்கும்.

நாட்டின் முதல் பிரதமருக்கே இந்தக் கதி. ஜவஹர்லால் நேரு 1954 ஜூனில் எழுதிய உயிலில் தன் இறுதிச் சடங்கு பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தார். மதச் சடங்கு எதுவும் கூடாது. எரிக்க வேண்டும். சாம்பலில் ஒரு பிடி அலகாபாத்தில் கங்கையில். அதுவும் மத நம்பிக்கையால் அல்ல, சிறு வயதிலிருந்து அந்த நதிமேல் இருந்த பற்றினால். மிச்சத்தை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்கள்மேல் தூவ வேண்டும். பத்து வருடம் கழித்து, 1964 மே 28 அன்று யமுனைக் கரையில் நடந்தது என்ன? சந்தனக் கட்டை, புரோகிதர்கள், வேத மந்திரம். பேரன் சஞ்சய் சிதைக்குத் தீ மூட்டினார். ஒரு தேசமே துக்கத்தில் கூடியிருக்கும்போது மந்திரம் இல்லாமல் அனுப்பினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்ற அச்சம் சுற்றியிருந்தவர்களுக்கு. ஆனால் உயிலின் மறுபாதி அப்படியே நிறைவேறியது. ஒரு பிடி கங்கைக்குப் போனது, மிச்சம் ஜூன் மாதத்தில் விமானங்களிலிருந்து வயல்கள்மேல் விழுந்தது. தீ மூட்டும் நேரத்தில் எவராலும் தடுக்க முடியாத வழக்கம், சாம்பல் ஆறியபின் விட்டுக்கொடுத்திருக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அதே வருடம் டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரத்தில் இன்னொரு மனிதர் இறந்தார். பிரிட்டனில் பிறந்து இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்ட உயிரியல் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் ஏற்பாடு செய்திருந்தபடி உடல் ஆந்திராவின் காக்கிநாடாவில் இருக்கும் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. உடல் தானம் என்ற சொல்லே ஊரில் புழங்காத காலம்.

விருப்பத்துக்குக் குறுக்கே நிற்பவர்கள் உறவினர்களும் புரோகிதர்களும் மட்டுமல்ல. புனேயின் ஜோதிராவ் புலே, புரோகிதர் வேண்டாத கல்யாணத்தையே நடத்திக் காட்டியவர். இறந்தபின் தன்னை எரிக்கக் கூடாது, வீட்டுக்குப் பின்னால் உப்பிட்டுப் புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். 1890 நவம்பர் 28 அன்று அவர் இறந்தபோது, குடியிருப்புப் பகுதியில் புதைக்க நகராட்சி அனுமதி தரவில்லை. எரிக்கத்தான் வேண்டியிருந்தது. அடுத்த பிரச்சினை, சிதைக்கு முன்னால் மண்கலயத்தைத் தூக்கிச் செல்வது யார்? கொள்ளி வைக்கும் உரிமையும் அதோடு சேர்ந்தது. புலே தம்பதிக்குத் தத்துப் பிள்ளைதான், அவனுக்கு உரிமையில்லை என்று கிளம்பினார்கள் சொந்தக்காரர்கள். சாவித்ரிபாய் கலயத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கணவரின் சிதைக்கு அவரே தீ மூட்டினார். திட்டமிட்டது நடக்கவில்லை. ஆனால் புலே சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்பதை ஊருக்குக் காட்ட அதைவிடப் பொருத்தமான ஊர்வலம் அமைந்திருக்காது.

நூறு வருடத்துக்கும் மேல் ஆகியும் அந்தக் கலயம் யார் கையில் என்ற கேள்வி தீரவில்லை. ஆனால் நகர்ந்திருக்கிறது. 2014 ஜூனில் மகாராஷ்டிரத்தின் பர்ளியில் கோபிநாத் முண்டேயின் சிதைக்குத் தீ மூட்டியது மகள் பங்கஜா. 2018 ஆகஸ்டில் வாஜ்பாயிக்கு வளர்ப்பு மகள் நமிதா. 2019-இல் சுஷ்மா ஸ்வராஜுக்கு மகள் பான்சுரி. 2021 டிசம்பரில் ஜெனரல் பிபின் ராவத்துக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு மகள்கள். டி.வி.யில் இதையெல்லாம் பார்த்த கிராமத்துப் பெரியவர்கள், தங்கள் வீட்டில் பெண் முன்வரும்போது முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் பங்காளி மகனைத் தேடிப் பிடித்து வந்து, முன்பின் பேசியே இராத பெரியப்பாவுக்குக் கொள்ளி வைக்கச் சொன்ன கொடுமையை நினைத்துப் பார்த்தால், மகள் கையிலேயே கொடுப்பதுதான் அர்த்தமுள்ள இறுதிச் சடங்கின் முதல் படி.

நினைத்தபடியே நடந்த சாவுகளும் உண்டு. 2019 ஜூன் 10 அன்று பெங்களூரில் கிரீஷ் கர்னாட் இறந்தபோது கர்நாடக அரசு அரசு மரியாதைக்குத் தயாராக இருந்தது. குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஊர்வலம் இல்லை, பொது இடத்தில் உடலை வைக்கவில்லை, சடங்கு இல்லை. பார்க்க விரும்பியவர்கள் நேராகக் கல்பள்ளி மின் மயானத்துக்கு வரலாம் என்று சொல்லப்பட்டது. அவ்வளவுதான். முதல்வர் அலுவலகத்துக்கே இல்லை என்று சொல்லும் துணிவு அந்தக் குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய விருப்பம் இன்னது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அதற்கு முன், 2016 ஜனவரி 21. ஆமதாபாத்தில் 97 வயது நடன மேதை மிருணாளினி சாராபாய் இறந்தார். 1949-இல் தர்ப்பணா நடனப் பள்ளியைத் தொடங்கியவர். தாயின் உடல் முன்னால் மகள் மல்லிகா ஆடினார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியபோது முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். சாவு வீட்டில் சலங்கையா என்று. நடனம் தவிர வேறு எதையும் பெரிதாக நினைக்காத ஒரு பெண்ணை வேறு எப்படி அனுப்பியிருக்க வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஒப்பாரியும் பாட்டுதானே.

காசியில் உஸ்தாத் பிஸ்மில்லா கானுக்கு 2006 ஆகஸ்டில் நடந்தது இன்னும் எளிமையானது. வேப்ப மரத்தடியில் வழக்கமான அடக்கம். கூடவே குழிக்குள் ஒரு ஷெனாய். சம்பிரதாயம் எதையும் மாற்றாமல் ஒரே ஒரு பொருளைச் சேர்த்ததில் அந்த மனிதர் யார் என்பது வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட விரிவாக யோசித்து வைத்தவர் குஷ்வந்த் சிங்காகத்தான் இருக்க வேண்டும். இளம் வயதிலேயே தன் சாவைக் கற்பனை செய்து கதை எழுதினார். தன் கல்லறைக்கு வாசகமும் தானே எழுதி வைத்தார். மதம் ஒட்டாத மனிதர் என்பதால் டெல்லியின் பஹாய் கல்லறையில் இடம் கேட்டார். அவர்கள் சில நிபந்தனைகள் விதித்ததும், போதும் சாமி என்று மின் மயானத்துக்கு மனதை மாற்றிக்கொண்டார். 2014 மார்ச் 20 அன்று 99 வயதில் இறந்தவரை அன்று மாலையே லோதி சாலை மயானத்தில் தகனம் செய்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் பிறந்த ஹதாலி கிராமம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. பிரிவினையில் விட்டுவிட்டு வந்த மண். அஸ்தியில் ஒரு பகுதியை லாகூர் எழுத்தாளர் ஃபக்கீர் ஐஜாசுத்தீன் ஹதாலிக்கு எடுத்துப் போய், சிறுவன் குஷ்வந்த் படித்த பள்ளிக்கூடத்தின் சுவரில் ஒரு நினைவுப் பலகையோடு சேர்த்துப் பதித்தார். விசா கிடைக்காமல் தவிக்கும் எத்தனையோ பஞ்சாபிகளின் ஆசையை ஒரு பிடி சாம்பல் நிறைவேற்றிக்கொண்டது.

எல்லாரும் பிரபலங்கள், படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் சாத்தியமா என்ற கேள்வி வரும். உண்மையில் இந்த யோசனை மேல்நாட்டிலிருந்து வந்ததும் அல்ல, மேல்தட்டிலிருந்து வந்ததும் அல்ல. காசிக்குப் போய்வந்த பாட்டி ஈயம் வைத்து அடைத்த கங்கைச் சொம்பைப் பூஜை அலமாரியில் வைத்திருப்பாள். அது யாருக்கு என்று வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். "என்னைக் கட்டும்போது இந்தப் புடவைதான்" என்று டிரங்குப் பெட்டியின் அடியில் ஒன்றை மடித்து வைத்திருப்பாள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று சாவுச் செலவுக்கான பணத்தைச் சுருக்குப் பையில் முடிந்து வைக்கும் கிழவிகள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள். இறுதிச் சடங்கைத் திட்டமிடுவதில் அந்தக் கிழவிகளை மிஞ்ச ஆளில்லை. வெட்கமில்லாமல், பயமில்லாமல், அடுப்படியில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். பிள்ளைகள்தான் "அபசகுனமாகப் பேசாதே" என்று வாயை அடைத்தார்கள். ஆஸ்பத்திரியில், குழாய்களுக்கு நடுவில், மயக்கத்தில் முடிந்துபோகும் இன்றைய சாவுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சொல்லி வைப்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். போகிறவருக்கு ஒரு விருப்பம் என்றால் இருக்கிறவர்களுக்கு ஒரு துக்கம். "எதுவும் செய்யாதே, யாரையும் கூப்பிடாதே, அன்றைக்கே எரித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போ" என்று பகுத்தறிவுக் கணவர் உத்தரவு போட்டுவிட்டுப் போகிறார். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி அந்தப் பத்து நாளும் கையைப் பிசைந்துகொண்டு வெறும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சடங்குக்கு அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ, அழுகிறவளுக்குச் செய்ய ஒரு வேலை தருகிறது. அதைப் பிடுங்கிக்கொண்டால் வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

அப்படி வேறு ஒன்றைச் சிலர் உருவாக்கியிருக்கிறார்கள். வங்காளிகளின் நினைவுக் கூட்டத்தில் படம், வெள்ளைப் பூ, ஊதுவத்தி, ரவீந்திர சங்கீதம், இரண்டு மூன்று பேரின் பேச்சு. தமிழ்நாட்டில் சுயமரியாதைக் குடும்பங்களின் படத்திறப்பு கருமாதிக்கு மாற்றாக வந்தது. அதிலும் பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்ததும் இறந்தவரை மறந்துவிட்டு அரசியலுக்குப் போய்விடுவதுண்டு என்பது வேறு விஷயம். சடங்கை விடாத வீடுகளிலும் வழி இருக்கிறது. படையல் போடும்போது இலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வந்துவிடுகிறது. டிகிரி காப்பி, மெதுவடை, சில வீடுகளில் சுருட்டு, வீட்டுப் பெண்கள் பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டதும் ஒரு குவார்ட்டர் பாட்டில். புரோகிதர் சொல்லும் பெயரும் கோத்திரமும் யாருக்கும் பொருந்தலாம். அந்த இலை ஒருவருக்கு மட்டும்தான்.

சில சமயம் சூழ்நிலையே வழக்கத்தை மாற்றிவிடும். உடலைக் கழுகுகளுக்குக் கொடுப்பது பார்சிகளின் பழைய வழி. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுகளின் உடலில் சேர்ந்து அந்த இனத்தையே அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தும் போனவை திரும்பவில்லை. மும்பையின் அமைதிக் கோபுரங்கள் வானம் பார்த்துக் காத்திருந்தன. தகனத்தைத் தேர்ந்தெடுத்த பார்சிகளுக்குப் பிரார்த்தனை செய்யக்கூட இடம் இல்லாமலிருந்து, 2015-இல்தான் வொர்லி மயானத்தில் ஒரு கூடம் திறக்கப்பட்டது. 2022-இல் சைரஸ் மிஸ்திரியும் 2024 அக்டோபரில் ரத்தன் டாட்டாவும் அங்கேதான் தகனமானார்கள். அதேபோல 2020 ஜூலையில், கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க இடம் கிடைக்காத நெருக்கடியில், கேரளத்தின் ஆலப்புழை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் உடலை எரித்துச் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய அனுமதித்தது. எதை மாற்றினால் மதம் போய்விடும் என்று நினைத்தார்களோ, அதை மாற்றியும் ஜெபம் நிற்கவில்லை.

உடல் தானம் என்று முடிவெடுப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள் உண்டு. மேற்கு வங்கத்தில் ஜோதிபாசு 2003-இலேயே உறுதிமொழி கொடுத்திருந்தார். 2010 ஜனவரியில் லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர வந்த ஊர்வலம் மயானத்துக்குப் போகாமல் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரியில் முடிந்தது. எதிர்முகாமில் ஜனசங்கத்தின் நானாஜி தேஷ்முக். அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் உடலும் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது. இந்த ஒரு விஷயத்தில் சிவப்பும் காவியும் சேர்ந்துகொண்டன. ஆனால் உறுதிமொழிப் படிவம் மட்டும் உடலைத் தூக்கிக்கொண்டு போகாது. கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் மறுத்தால் பெரும்பாலான கல்லூரிகள் வற்புறுத்துவதில்லை. விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்று நோய்களால் இறந்தவர்களின் உடலையும் வாங்க மாட்டார்கள். எனவே 'அது இல்லையென்றால் எது' என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள். அதற்குள் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைக்க வேண்டும் என்பது அழுதுகொண்டிருக்கும் வீட்டில் ஒருவருக்காவது நினைவிருக்க வேண்டும்.

அந்த ஒருவர்தான் முக்கியம். எழுதுகிற காகிதம் உயிலோடு வங்கி லாக்கரில் இருந்து பிரயோஜனமில்லை. ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் டிராயரில் இருக்க வேண்டும். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. ஒரு பிரதி, சித்தப்பாவின் குரலுக்குப் பயப்படாத ஒரு மகளிடமோ மருமகனிடமோ நண்பரிடமோ. எழுதுவதும் கொஞ்சமாக இருந்தால் நல்லது. எரிப்பதா புதைப்பதா தானமா, தீ யார் கையில், சடங்கு உண்டா, எந்தப் பாட்டு, சாம்பல் எங்கே. மிச்சத்தை இருக்கிறவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். நேரு எழுதியதில் ஒரு பாதி நடக்காமல் போயும் மறுபாதி நடந்தது. நாலு விருப்பத்தில் இரண்டு நிறைவேறினாலே கொடுத்து வைத்தவர்.

ரவீந்திரநாத் தாகூர் கேட்டது மிகக் குறைவு. ஜனக்கூட்டமும் ஜே கோஷமும் வேண்டாம். சாந்திநிகேதனில், திறந்த வானத்தின் கீழே, அமைதியாக முடிய வேண்டும். 1939-இல் தன் 'டாக்கர்' நாடகத்துக்காக ஒரு பாட்டு எழுதியவர், பிறகு அதை நாடகத்தில் சேர்க்க வேண்டாம், தான் போன பிறகு பாடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். 1941 ஆகஸ்ட் 7 பகலில், அறுவை சிகிச்சைக்காகக் கொண்டுவரப்பட்ட கல்கத்தா ஜோராசாங்கோ வீட்டில் உயிர் பிரிந்தது. கதவை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே புகுந்தது. உடலை அவர்களே தூக்கிக்கொண்டார்கள். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள வழியெல்லாம் அவருடைய தலைமுடியையும் தாடியையும் பிடுங்கினார்கள். நிம்தலா மயானத்தை மகன் ரதீந்திரநாத்தால் நெருங்கவே முடியவில்லை. குடும்பத்தில் வேறொருவர்தான் தீ மூட்டினார்.

சாந்திநிகேதனில் இருந்தவர்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர்களிடம் இருந்தது அந்தப் பாட்டுதான். அங்கே கண்ணாடி மந்திரில் கூடி உட்கார்ந்து அதைப் பாடினார்கள்.